க்ரூஸர் மோகமும் தொலஸ்பாகை இறக்கமும்

மோட்டார் சைக்கிள் நிறுவனத்தை மாற்றுவது நம்மவர்களிடையே மதம் மாறுவதற்கு ஒப்பான காரியமாகிவிட்டது. பஜாஜை விட்டு ரோயல் என்பீல்டுக்குப் போகிறவர், நேற்றுவரை கும்பிட்ட சாமியைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்தவரைப் போலப் பேசுகிறார். போகாமல் நிற்பவரோ அவரைத் துரோகி என்கிறார். இந்தியாவின் ராஜஸ்தானில், பாலி என்ற ஊருக்கு அருகில், ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மாலை சூட்டிக் கும்பிடும் கோயிலே இருக்கிறது. நாம் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை என்பதில் எனக்குச் சிறிய ஆறுதல்.

இந்தச் சண்டை இப்போது ஏன் சூடுபிடித்திருக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில், வைத்திருந்த வண்டியையே நம் இளைஞர்கள் தட்டிக்கொட்டி ஓட்டினார்கள். பழைய வண்டிகளின் விலை புதிய வண்டியின் விலையைத் தாண்டிய கூத்தையும் பார்த்தோம். ஐந்தாண்டுகள் ஒரே பல்சரில் ஓடியவருக்குச் சலிப்பு வருவது இயல்பு. கதவு திறந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "ஐயா, அவெஞ்சர் எடுப்பதா, மீட்டியோர் எடுப்பதா?" என்பதுதான். நாவலப்பிட்டி, கம்பளை, கினிகத்தேனைப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி எனக்குப் பலமுறை வந்துவிட்டது. சில வேளைகளில் கேள்வி கட்டாரிலிருந்தும் வருகிறது. அங்கே உழைக்கும் அண்ணன் பணம் அனுப்புகிறார். மொடலையும் அவரே தெரிவு செய்ய விரும்புகிறார். பாலைவனத்தின் நேர்கோட்டு நெடுஞ்சாலையைத் தினமும் பார்க்கிறவரின் தெரிவு எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாவலப்பிட்டியிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழ்ந்துகொண்டு, வீட்டில் இருக்கும் ஒரே வாகனம் அந்த மோட்டார் சைக்கிள்தான் என்ற நிலையில் உள்ள ஒருவர், எந்த நிறுவனத்தின் க்ரூஸரையும் வாங்கக்கூடாது. அவர் எந்தப் பெயரிலிருந்து எந்தப் பெயருக்கு மாறுகிறார் என்பது இரண்டாம்பட்சம். தாங்கியில் ஒட்டியிருக்கும் பெயர் மாறுவதால் யாரும் விழுந்து கையை உடைத்துக்கொள்வதில்லை. உட்காரும் விதம் மாறுவதால் உடைத்துக்கொள்கிறார்கள்.

க்ரூஸர் என்ற வடிவம் எங்கே பிறந்தது? அமெரிக்காவில். 1903இல் மில்வோக்கியில் தொடங்கிய ஹார்லி டேவிட்சனின் வழிவந்த வடிவம் அது. அடிவானம் வரை ஒரே நேராகப் போகும் சாலை. ஒரே கியரில் மணிக்கணக்காக ஓட்டம். கால்களை முன்னே நீட்டி, கைகளை உயர்த்திப் பிடித்து, சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல் இருக்கும் சவாரி. 1969இல் வந்த 'ஈஸி ரைடர்' திரைப்படம் அந்தத் தோற்றத்தை உலகமெங்கும் கொண்டுபோனது. எண்பதுகளில் ஜப்பானியர் அதைத் தங்கள் பாணியில் செய்தார்கள். 2001இல் கவசாகியும் பஜாஜும் சேர்ந்து இந்தியாவில் எலிமினேட்டர் என்ற சிறிய க்ரூஸரை விற்றன. அதன் வாரிசுதான் 2005இல் வந்த அவெஞ்சர். அதில் ஏறினால் கடவுளைப் போல உணரலாம் என்று விளம்பரம் செய்தார்கள். (கடவுளுக்கு நாவலப்பிட்டியில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும் வேலை இல்லை என்பதை விளம்பரக்காரர் மறந்துவிட்டார்.) 2020 நவம்பரில் ரோயல் என்பீல்டின் மீட்டியோர் 350 வந்தது. சென்னைக்கு அருகில் செய்யப்படும் அந்த வண்டியில்தான் இன்று நம் இளைஞர்களின் கண் நிலைத்திருக்கிறது.

இனி நம் ஊரைப் பார்ப்போம். 1874இல் ரயில் நாவலப்பிட்டிக்கு வந்தது. அங்கிருந்து இங்குருஓயா, கலபொட, வட்டவளை, ஹட்டன் என்று மேலே ஏற, நீராவி இயந்திரக் காலத்தில் நாவலப்பிட்டியிலேயே இன்னோர் இயந்திரத்தையும் பூட்டினார்கள். அந்தப் பாதையின் செங்குத்து நாற்பத்துநான்கு அடிக்கு ஓர் அடிதான். அதற்கே வெள்ளைக்காரப் பொறியியலாளர் துணை இயந்திரம் தேடினார். நமது தோட்டப் பாதைகள் அதைவிட எத்தனை மடங்கு செங்குத்தானவை என்பது அங்கே நடந்தவர்களுக்குத் தெரியும். மழையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? பக்கத்து வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. தார் இருக்கும் இடத்தில் பாசி. தார் இல்லாத இடத்தில் சேறு. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்ட பிறகு, ஒட்டுப்போட்டுத் திறந்த பாதைகள் எத்தனை! அதே ஆண்டு மே மாதத்தில் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் பாதைகளைப் பற்றி எழுதும்போது இவற்றை மறந்துவிட்டு எழுத முடியாது.

இளைஞர்களின் ஆசையை நான் ஏளனம் செய்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்த ஆசைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. தோட்டத்தில் ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் அது சின்னத்துரையின் வாகனம். மலையின் அடுத்த மடிப்பில் அந்தச் சத்தம் கேட்டாலே கொழுந்துக் கூடைகள் நிமிரும், பேச்சு அடங்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து பாதையை விட்டு ஒதுங்கி நின்றவர்களின் பேரன், இன்று அதே போன்ற கனத்த சத்தமுள்ள வண்டியைத் தன் பெயரில் பதிவு செய்து, அதே பாதையில் ஓட்டிவர ஆசைப்படுகிறான். அதைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது. ஓட்டட்டும். ஆனால், அந்த ஆசையைக் கொழும்பிலிருந்து வரும் விளம்பரம் அளந்து வைத்திருக்கிறது. அதை அறிந்துதான் விற்கிறது. ஆசைப்படுகிறவன்தான் வண்டியை அளக்காமல் வாங்குகிறான்.

அளந்து பார்ப்போம். பல்சர் 150இன் எடை ஏறத்தாழ 148 கிலோ. அவெஞ்சர் 220இன் எடை 163 கிலோ. மீட்டியோர் 191 கிலோ. பல்சரிலிருந்து மீட்டியோருக்கு மாறுகிறவர் 43 கிலோவைக் கூடுதலாக ஏற்றுக்கொள்கிறார். ஒரு சீமெந்து மூட்டைக்கு ஏழு கிலோதான் குறைவு. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையிலுள்ள தூரம் பல்சரில் 1,320 மில்லிமீற்றர், மீட்டியோரில் 1,400, அவெஞ்சரில் 1,490. வண்டி நீள நீள அது திரும்புவதற்குக் கேட்கும் இடமும் கூடுகிறது. கொண்டை ஊசி வளைவில், மேலேயிருந்து தனியார் பஸ் ஒன்று பாதையின் முக்கால் பங்கை எடுத்துக்கொண்டு வரும்போது, அந்தச் சில அங்குலங்களின் பெறுமதி என்னவென்று தெரியும்.

"ஏற்றத்தில் இழுக்குமா?" என்பதுதான் கடையில் எல்லோரும் கேட்கும் கேள்வி. விற்பனையாளரும் அந்தக் கேள்விக்காகவே காத்திருக்கிறார். இழுக்கும். தாராளமாக இழுக்கும். மீட்டியோரின் 349 சி.சி. இயந்திரம் 4,000 சுழற்சியிலேயே 27 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையைத் தருகிறது. பல்சர் 150 தருவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு அது. மூன்றாம் கியரில் தொலஸ்பாகை வரை முணுமுணுக்காமல் ஏறும். இதில் எனக்கு வாதம் இல்லை. மலைநாட்டில் வண்டிக்கு வைக்கப்படும் பரீட்சை ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில் இருக்கிறது. தொலஸ்பாகையிலிருந்து நாவலப்பிட்டிக்கு, மழையில், மனைவியையும் ஒரு மூட்டைச் சாமானையும் பின்னால் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது என்ன நடக்கிறது? கூடுதல் எடை அத்தனையும் முன்னே தள்ளுகிறது. அவெஞ்சரில் பின் பிரேக் இன்றும் டிரம் வகைதான்; ஏ.பி.எஸ். முன் சில்லுக்கு மட்டும். டிரம் பிரேக்கை நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிமானம் குறையும். பல்சரிலும் டிரம்தான் இருந்தது என்பீர்கள். இருந்தது, ஆனால் அந்தக் கால் மிதி உங்கள் உடலுக்குக் கீழே இருந்தது. குழியைக் கண்டால் மிதியில் ஊன்றி எழுந்து, முதுகைக் காப்பாற்றிக்கொண்டீர்கள். க்ரூஸரில் கால் முன்னே நீண்டிருக்கிறது. எழ முடியாது. குழியின் அடி முழுவதும் முதுகெலும்புக்கு வருகிறது. உடலை வளைவின் உள்ளே சாய்க்கும் பழக்கமும் உதவாது. ஐந்தாண்டுகளாகக் கையும் காலும் கற்ற பாடத்தை முதல் இறக்கத்திலேயே மறக்கச் சொன்னால் எப்படி?

இருக்கை தாழ்வாக இருக்கிறது, குட்டையானவர்களுக்கு வசதி என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம்தான். அவெஞ்சரின் இருக்கை உயரம் 737 மில்லிமீற்றர். நம்மில் பலருக்கு இரண்டு பாதமும் முழுமையாக நிலத்தில் படும். சமதரையில்! தோட்டத்து லயத்தின் முன்னால் சமதரை எங்கே இருக்கிறது? பக்கவாட்டில் சரிந்த பாதையில் நிறுத்தும்போது பள்ளத்துப் பக்கத்துக் கால் தரையைத் தேடிக்கொண்டே போகும். 191 கிலோ ஒருமுறை சாயத் தொடங்கினால் யாரும் பிடித்து நிறுத்த முடியாது. முன் சில்லு பள்ளத்தை நோக்க நிறுத்திய வண்டியைக் காலையில் பின்னோக்கித் தள்ளி எடுப்பதையும் ஒருமுறை செய்து பாருங்கள். அறுநூற்றைம்பது சி.சி. சுப்பர் மீட்டியோரைப் பற்றிக் கனவு காண்கிறவர்களுக்கு ஒரு வரி: எடை 241 கிலோ, அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடைவெளி 135 மில்லிமீற்றர். தோட்டப் பாதையின் நடுவில் கிடக்கும் கல் அதைவிடப் பெரியது.

இவற்றையெல்லாம் பத்திரிகைகள் ஏன் எழுதுவதில்லை என்று கேட்பீர்கள். அந்தத் தொழிலிலேயே காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் எனக்குப் பதில் தெரியும். நான் பணியாற்றிய ஒரு பத்திரிகையில், புதிய மோட்டார் சைக்கிள் ஒன்றை ஓட்டிப் பார்த்த இளம் நிருபர், "இறக்கத்தில் பின் பிரேக் போதவில்லை" என்று ஒரு வாக்கியம் எழுதினார். கட்டுரை விளம்பரப் பகுதிக்குப் போய்த் திரும்பி வந்தபோது அந்த வாக்கியத்தைக் காணோம். பக்கத்தில் அரைப்பக்க விளம்பரம் இருந்தது. நான் சத்தம் போட்டேன், பத்திரிகை அச்சாகிவிட்டது. இன்றைக்கு அச்சுப் பக்கத்தின் இடத்தைக் காணொளி பிடித்துக்கொண்டது. மற்றபடி வழக்கம் அப்படியே. வண்டியைக் கொடுப்பவர் முகவர், பெற்றோல் போடுபவர் முகவர், புகழ்பவர் மட்டும் வேறொருவர். கொழும்பு - கட்டுநாயக்க நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளை விட மாட்டார்கள். ஆகவே கடற்கரைச் சாலையில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு "மலைப்பாதைக்கும் ஏற்றது" என்று முடித்துவிடுகிறார்கள்.

மறுபக்கத்திலும் சிலர் இருக்கிறார்கள். "எது ஊரில் அதிகம் ஓடுகிறதோ அதையே எடு, பெயரை மாற்றாதே" என்று ஓதும் பெரியவர்கள். அவர்களையும் நான் ஏற்பதற்கில்லை. ஒரு காலத்தில் அவர்கள் எம்.டி. 90ஐத் தவிர வேறு வண்டி மலை ஏறாது என்றார்கள். பிறகு பஜாஜைத் தவிர வேறெதற்கும் உதிரிப்பாகம் கிடைக்காது என்றார்கள். டி.வி.எஸ். வந்தது, கிடைத்தது. நிறுவனத்தை மாற்றுவது பாவமில்லை. புல்லட்டில் நீண்ட காலம் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருந்தன. அன்று பெயர் மாறியவர் காலையே மாற்ற வேண்டியிருந்தது. அதையே பழகினார்கள். ஆனால் பெரியவர்கள் சொல்வதில் ஓர் அணு உண்மை உண்டு. வண்டி மழையில் நின்றுபோனால் வருகிறவர் கொழும்பு முகவர் இல்லை. நாவலப்பிட்டி கராஜ் பாஸ்தான். அவருடைய கைக்குப் பழகாத வண்டி என்றால் நீங்கள்தான் அவருக்குப் பாடப்புத்தகம். அவெஞ்சர் 220இன் பின் சில்லு 15 அங்குலம். மற்ற வண்டிகளில் பெரும்பாலானவை 17. அந்த 15 அங்குல டயர் கண்டியில் இன்று கையிருப்பில் இருக்கிறதா, எத்தனை நாளில் வரும் என்று கேட்டுவிட்டா வண்டிக்கு முற்பணம் கட்டுகிறோம்?

இன்னொரு வாதமும் காதில் விழுகிறது: "என்பீல்ட் நம் தமிழ்நாட்டு வண்டி, தமிழன் செய்த வண்டி." உண்மைதான். 1955இல் மதராஸில் தொடங்கிய தொழிற்சாலை. திருவொற்றியூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று வளர்ந்தது. இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடுண்டு போன பிறகும் இங்கே பிழைத்து நின்ற பெயர். எனக்கும் பெருமைதான். ஆனால், தமிழ்நாட்டில் செய்ததால்தான் வாங்குகிறோம் என்றால் ஓசூரில் செய்யப்படும் டி.வி.எஸ். என்ன பாவம் செய்தது? இன உணர்வை எண்ணெய்த் தாங்கிக்குள் ஊற்றினால் இயந்திரம் ஓடாது, ஐயா.

கடனைப் பற்றியும் ஒரு சொல். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் லீசிங் கம்பனியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வாங்குகிறார்கள். மாதத் தவணையைச் சொல்கிறார்கள். மொத்தத் தொகையைக் கேட்டால்தான் சொல்கிறார்கள். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. அதுவும் விலைக்குள் இருக்கிறது. தவணை கட்டிக்கொண்டிருக்கும்போது வண்டி பிடிக்கவில்லை என்று விற்கப் போனால், நாவலப்பிட்டியில் க்ரூஸரை இரண்டாம் கையாக வாங்க எத்தனை பேர் நிற்கிறார்கள்? 2022 ஜூலையில் கியூ.ஆர். அட்டையுடன் வரிசையில் நின்றதையும் மறந்துவிட வேண்டாம். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர். அன்று சிக்கன வண்டி வைத்திருந்தவர்தான் வேலைக்குப் போனார்.

"அப்படியானால் எதைத்தான் வாங்குவது?" சொல்கிறேன். அந்த இயந்திரத்தின் நிதானமான இழுவையும் சத்தமும்தான் வேண்டுமென்றால், அதற்கு க்ரூஸர் தேவையே இல்லை. மீட்டியோரில் இருக்கும் அதே 349 சி.சி. இயந்திரம் 2022இல் வந்த ஹன்டரில் இருக்கிறது. எடை 181 கிலோ, சில்லுகளுக்கிடைத் தூரம் 1,370. அதே இயந்திரம் 2021க்குப் பிந்திய க்ளாசிக்கிலும் இருக்கிறது. எடை 195 கிலோ ஆனாலும் நிமிர்ந்து உட்காரலாம், மிதியில் எழுந்து நிற்கலாம். பாரம் வேண்டாம் என்பவருக்கு டி.வி.எஸ்.ஸின் ரோனின், 225 சி.சி., 160 கிலோ. என்னைக் கேட்டால், மலையில் தனியாக ஓடும் கட்டுமஸ்தான ஆளுக்கு ஹன்டர்; குடும்பத்தை ஏற்றி இறக்குபவருக்கு ரோனின். மீட்டியோரை, நுவரெலியாவுக்கு மாதத்தில் ஒருநாள் உல்லாசமாகப் போய்வரும், வீட்டில் இன்னொரு வண்டியும் வைத்திருக்கும் ஆளுக்கு விட்டுவிடலாம். அவர் மகிழ்ச்சியாக ஓட்டட்டும். இவற்றில் எது உங்கள் பகுதி முகவரிடம் இருக்கும் என்பது மாதத்துக்கு மாதம் மாறும்; அதை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதுவாக இருந்தாலும், கடைக்கு முன்னாலுள்ள சமதரையில் ஐம்பது யார் ஓட்டிக் காட்டுவதற்குப் பெயர் ஓட்டிப்பார்த்தல் ஆகாது. வீட்டில் பின்னால் உட்காரப் போகிறவரையே கூட்டிக்கொண்டு போங்கள். மேலே ஏறித் திரும்பி, இறக்கத்தின் நடுவில் ஒருமுறை நிறுத்துங்கள். அங்கேயே, அந்தச் சரிவிலேயே, வண்டியைத் திருப்ப முடிகிறதா பாருங்கள். இயந்திரத்தை அணைத்து இறங்கி, நாலடி பின்னோக்கித் தள்ளுங்கள். பின்னால் இருந்தவரின் முதுகைக் கேளுங்கள். அவர் விளம்பரம் பார்க்காதவர், உண்மையைச் சொல்வார். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. "அதற்கெல்லாம் வண்டி தர முடியாது, முதலில் பத்திரத்தில் கையெழுத்து வையுங்கள்" என்று விற்பனையாளர் சொன்னால், பேனாவை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள். கம்பளையிலும் கண்டியிலும் கடைகளுக்குக் குறைவில்லை.